காதுக்குள் ஒரு ஜெர்மன்காரம்மா

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடக்கு மக்களே. தீசிஸ் ஒரு பக்கம், வாரத்துக்கு மூணு நாள் பார்ட் டைம் ஒரு பக்கம்னு இங்க கார்ல்ஸ்ரூஹவுல ஆணி அதிகம். இன்னைக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம், போன வாரம் நம்ம சக பதிவர் ஒருத்தர் தனிமடல்ல கேட்ட கேள்வி: "இயர்பட்ஸ் மாட்டினா போதும், வர்ற மெசேஜை எல்லாம் ஒரு அம்மா சத்தமா வாசிக்குது. இதை எப்படிய்யா நிறுத்துறது?"

பதில் ரெண்டு வரிதான். ஆனா அந்த அம்மாவோட ஒரு வருஷம் குடித்தனம் நடத்தினவன் நான். ரெண்டு வரியில நிறுத்த மனசு வரல. அவசரக்காரங்க நேரா கீழ போய் செட்டிங்ஸ் பத்தியைப் படிச்சுக்கோங்க. மத்தவங்க டீ எடுத்துட்டு வாங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 2017-ல போஸ் கம்பெனியோட ஒரு ஹெட்போனுக்குள்ள கூகுள் அசிஸ்டன்ட் வந்து உட்கார்ந்துச்சு. ஒரு பட்டனைத் தட்டினா வந்த நோட்டிஃபிகேஷனை வாசிக்கும். ஆப்பிள்காரங்க 2019 அக்டோபர்ல ஐஓஎஸ் 13.2 கூட, வர்ற மெசேஜைத் தானாவே வாசிக்கிற வசதியைக் கொடுத்தாங்க. ரெண்டாம் தலைமுறை ஏர்பாட்ஸ்ல இருந்துதான் அது வேலை செய்யும். 2021-ல ஐஓஎஸ் 15 வந்தப்போ மெசேஜ் மட்டுமில்லாம மத்த ஆப்களோட நோட்டிஃபிகேஷனையும் வாசிக்க ஆரம்பிச்சது. நாம கேட்டா வாசிக்கும்னு இருந்தது, நாம கேக்காமலே வாசிக்கும்னு ஆனது இப்படித்தான்.

என் போன், என் பட்ஸ் எந்தக் கம்பெனின்னு இங்க சொல்லப் போறதில்லை. ஏறக்குறைய எல்லாருமே இந்த வசதியை வெச்சிருக்காங்க. பட்ஸை முதல்தடவை இணைக்கும்போது வரிசையா வந்த ஸ்கிரீன்கள்ல இதுவும் ஒண்ணு. ஆன் பண்ணேன். உண்மையிலேயே பிரயோஜனமாவும் இருந்துச்சு. ஜனவரி குளிர்ல ரெண்டு கையிலயும் கிளவுஸ் போட்டுட்டு சைக்கிள் மிதிக்கிறவனுக்கு, பையில இருந்து போனை எடுக்காமலே "லேப் மீட்டிங் பத்தரைக்கு மாத்தியாச்சு"ன்னு காதுல விழுந்தா கசக்குமா?

கூடவே, ஜெர்மன் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும்னு அசிஸ்டன்ட் மொழியை ஜெர்மனுக்கு மாத்தி வெச்சிருந்தேன். பி1 பரீட்சை எழுதின யாருக்கும் இந்த வியாதி புரியும். புரொபசர் அனுப்புறது, பேங்க் அனுப்புறது, வீட்டு ஓனர் குப்பைத் தொட்டி பத்தி அனுப்புறது எல்லாம் சுத்தமான ஜெர்மன் உச்சரிப்புல வரும். நல்ல பயிற்சி.

ஆனா எங்க வீட்டு ஆளுங்க அனுப்புறது தங்கிலீஷ்ல ஆச்சே!

ஜெர்மன்ல 'வி' எழுத்துக்கு பெரும்பாலும் 'ஃப' சத்தம். 'ஜே'வுக்கு 'ய'. 'இசட்' வந்தா 'ட்ஸ'. ரெண்டு 'இ' சேர்ந்து வந்தா 'ஏ'. இந்த நாலு விதியை வெச்சுக்கிட்டு எங்க ஃபேமிலி குரூப்பை வாசிச்சுப் பாருங்க. "வீட்ல" என்பது "ஃபேட்லா" ஆச்சு. "மழை" வந்து "மாட்ஸாய்"னு பெய்ஞ்சுது. சரோஜா அயித்தை "ஸரோயா" ஆனாங்க. ராஜா மாமா "ராயா". வணக்கம் "ஃபனக்கம்". ழகரத்துக்கு நாம போடுற 'இசட் ஹெச்'சைப் பார்த்தா அந்தம்மாவுக்கு மூச்சே நின்னு திரும்பி வரும். ஆரம்பத்துல டிராம்ல தனியா சிரிச்சுட்டு வருவேன். எதிர்ல உட்கார்ந்திருக்கிற பாட்டிங்க என்னை ஒரு மாதிரி பார்ப்பாங்க. :-)

அம்மா சாயங்காலம் ஒரு மெசேஜ் அனுப்பும், "தம்பி சாப்டியா"ன்னு. அதைக்கூட அந்தம்மா கிட்டத்தட்ட சரியாவே சொல்லும். சொல்லி முடிச்சதும் ஒரு சின்ன இடைவெளி விட்டு, "பதில் அனுப்பணுமா?"ன்னு ஜெர்மன்ல கேக்கும். நான் "யா"ன்னு சொல்லி, ஜெர்மன்ல "சாப்பிட்டேன்"னு சொன்னா அதை எழுதி அனுப்பிடும். அம்மாவுக்கு அது என்ன பாஷைன்னு தெரியாது, ஆனா பதில் வந்துடுச்சு, அதுவே போதும். பக்கத்து வீட்டுல எல்லாம், "எம்புள்ள ஜெர்மன்ல சாப்புடுறான்"னு சொல்லி வெச்சிருக்கு.

நிற்க.

போன பிப்ரவரியில ஒரு நாள் காலைல டுர்லாஹ்ல இருந்து லேபுக்கு டிராம்ல போய்க்கிட்டு இருந்தேன். கார்ல்ஸ்ரூஹ நடு ஊர்ல டிராமுக்கு பூமிக்கடியில சுரங்கம் போட்டு 2021 டிசம்பர்ல திறந்தாங்க. வண்டி டுர்லாஹர் டோர் பக்கம் அதுக்குள்ள இறங்குற நேரம், பாட்டு தானா அடங்கி, அந்தம்மா ஆரம்பிச்சது. அண்ணன் பேரைச் சொல்லிட்டு:

"அபாத்தா தஃபரிட்டாங்கா டா."

எனக்கு முதல்ல ஒண்ணும் விளங்கல. அந்த "டா" மட்டும் தெளிவா இருந்துச்சு. ஏன்னா ஜெர்மன்லயும் அதே எழுத்துல ஒரு வார்த்தை இருக்கு, 'அங்கே'ன்னு அர்த்தம். அதை மட்டும் அந்தம்மாவுக்குச் சரியாச் சொல்லத் தெரியும். மத்த ரெண்டு வார்த்தையையும் மனசுக்குள்ள தமிழ்ல திருப்பி அடுக்குறதுக்குள்ள, "பதில் அனுப்பணுமா?"ன்னு கேட்டுடுச்சு.

அப்பத்தா தவறிட்டாங்கடா.

நான் வாயைத் திறக்கல. கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு அதுவா பாட்டைத் திரும்பப் போட்டுடுச்சு. ஒரு நிமிஷம் இருக்காது, மறுபடி பாட்டு அடங்கிச்சு. இன்னைக்கு என் பார்சல் ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணிக்குள்ள வருமாம். அதே குரல். அதே ஏற்ற இறக்கம்.

அடுத்தது ஃபேமிலி குரூப். அங்க யாரும் எழுதல, கையைக் கூப்புற படம் மட்டும் போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு எமோஜிக்கும் ஒவ்வொரு மொழியிலயும் ஒரு பேர் வெச்சிருக்காங்க. அந்தப் படத்துக்கு ஜெர்மன்ல இருக்கிற பேரைத் தமிழ்ல சொன்னா, "ஒன்றாகச் சேர்த்து வைத்த உள்ளங்கைகள்." ராயா, ஒன்றாகச் சேர்த்து வைத்த உள்ளங்கைகள். ஸரோயா, ஒன்றாகச் சேர்த்து வைத்த உள்ளங்கைகள். ஒன்றாகச் சேர்த்து வைத்த உள்ளங்கைகள். ஒன்றாகச் சேர்த்து வைத்த உள்ளங்கைகள். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போயிடுச்சு. காதுல இருந்து பட்ஸைக் கழட்டினப்புறம்தான் டிராம் ஓடுற சத்தமே கேட்டுச்சு.

அண்ணன் அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கான். லைன் கிடைக்கல. அப்புறம்தான் மெசேஜ் போட்டிருக்கான். நம்ம ஊர்ல அப்போ மதியம் பன்னெண்டரை. பிப்ரவரியில நாலரை மணி நேரம் வித்தியாசம். சாயங்காலத்துக்குள்ள எடுத்துட்டாங்க. நான் எந்த ஃப்ளைட் பிடிச்சாலும் மறுநாள்தான் மதுரை வந்து சேர முடியும். தூக்குறதுக்கு முன்னாடி அண்ணன் வீடியோ கால்ல முகத்தைக் காட்டினான். போனைப் பிடிச்ச அவன் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. தண்டட்டி போட்டு வளர்த்த அந்தக் காதுதான் எனக்கு முதல்ல தெரிஞ்சுது. அப்பத்தா கடைசி வரைக்கும் போனைத் தலைகீழாப் பிடிச்சுத்தான் பேசும். "கேக்குதாய்யா, கேக்குதாய்யா"ன்னு கத்தும். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால அது பேரை எந்த இங்கிலீஷ் எழுத்துல எழுதுறதுன்னு எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு வழக்கம்.

அந்தம்மா மேல எனக்குக் கோபம் இல்லை. அது எழுத்தைப் பார்க்குது, வாசிக்குது. செய்தியில என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது, தெரிய வைக்கவும் யாரும் இல்லை. என் கேள்வி வேற. கெட்ட செய்தி சொல்லணும்னா நம்ம ஊர்ல ஒரு முறை இருக்கு. வாசல்ல வந்து நின்னு முதல்ல தண்ணி கேப்பாங்க. "உடம்பு கொஞ்சம் முடியலையாம், ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுவோமா"ன்னு ஆரம்பிப்பாங்க. சொல்றவங்க முகத்தைப் பார்த்தே கேக்குறவங்களுக்குப் பாதி விளங்கிடும். எழுத்துல வந்தாக்கூட, பேரைப் பார்த்துட்டு எப்போ திறக்கணும்னு நாம முடிவு பண்றோம். ஒரு மூச்சு இழுத்துக்க நேரம் இருக்கு. காதுக்குள்ள நேரா வாசிக்கும்போது அந்த ஒரு மூச்சும் போயிடுது.

இதனால இந்த வசதியே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எங்க ஹாஸ்டல்ல பார்வை இல்லாத நண்பர் ஒருத்தர் இருக்கார். அவர் போன் பேசுற வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது, அவருக்கு அது சாதாரணம். போன் நமக்கு வாசிச்சுக் காட்டணும்ங்கிறது அவங்களுக்கு வசதி இல்லை, வழி. அதை அவரவர் கேட்டு வெச்சுக்கணும். எதை, எப்போ, யாரோடதைங்கிறதும் அவரவர் கையில இருக்கணும். அவ்வளவுதான்.

இப்போ மேட்டருக்கு வருவோம்.

ஐபோன் வெச்சிருக்கவங்க: செட்டிங்ஸ், அதுல நோட்டிஃபிகேஷன்ஸ், அதுக்குள்ள அனவுன்ஸ் நோட்டிஃபிகேஷன்ஸ். மொத்தமா ஆஃப் பண்ணலாம். ஹெட்போனுக்கு மட்டும், காருக்கு மட்டும்னு தனித்தனியாவும் பண்ணலாம். கீழ ஆப் பட்டியல் இருக்கும், ஒவ்வொண்ணா தேர்ந்தெடுக்கலாம். மெசேஜஸ் ஆப்புக்குள்ள போனா யார் அனுப்புறதை வாசிக்கணும்னும் சொல்லலாம். அங்கேயே, நாம சொன்ன பதிலைத் திரும்ப வாசிச்சுக் காட்டாம அனுப்புற வசதி ஒண்ணு இருக்கும். அது ஆஃப்லயே இருக்கட்டும், குடும்பத்துல குழப்பம் மிச்சம். அந்த நேரத்துக்கு மட்டும் வாயை மூடணும்னா ஒரு பட்ஸைக் காதுல இருந்து எடுங்க, நின்னுடும். இன்னொண்ணு: போன் லாக் ஆகி ஸ்கிரீன் அணைஞ்சிருக்கும்போதுதான் இது வாசிக்கும். கையில போனைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது பேசலையேன்னு "சரியாயிடுச்சு" என்று நினைச்சுடாதீங்க.

ஆண்ட்ராய்டு: இது கொஞ்சம் சுத்து வழி. சாம்சங் பட்ஸ்னா கேலக்ஸி வேரபிள் ஆப்ல, நோட்டிஃபிகேஷனைச் சத்தமா வாசிக்கிற வசதின்னு ஒண்ணு இருக்கும். பிக்சல் பட்ஸ்னா அதோட ஆப்ல அசிஸ்டன்ட் பகுதிக்குள்ள 'ஸ்போக்கன் நோட்டிஃபிகேஷன்ஸ்'னு இருக்கும். வேற கம்பெனி பட்ஸா இருந்தா அந்தக் கம்பெனி ஆப்பைத் தோண்டணும். எதுவும் கிடைக்கலைன்னா, செட்டிங்ஸ் மேல இருக்கிற தேடல் பெட்டியில 'நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்'னு தேடுங்க. உங்க நோட்டிஃபிகேஷனைப் படிக்க எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்குன்னு பட்டியல் வரும். அங்க பட்ஸ் ஆப்போட அனுமதியை எடுத்துட்டா அதுக்கு வாசிக்க ஒண்ணும் இருக்காது. அந்தப் பட்டியலை எப்படியும் ஒரு தடவை பாருங்க. எதுக்குன்னே தெரியாத ஆப் எல்லாம் உங்க பேங்க் மெசேஜைப் படிச்சுக்கிட்டு இருக்கலாம்.

இதெல்லாம் பண்ணியும் ஸ்கிரீன்ல தொடுற ஒவ்வொண்ணையும் போன் வாசிச்சா, அது வேற ஆளு. ஐபோன்ல வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டுல டாக்பேக். ஆக்சஸிபிலிட்டி பகுதியில போய் நிறுத்தணும்.

நான் மொத்தமா நிறுத்திட்டேன். வீட்டுல எல்லாருக்கும் ஒரே ஒரு ஏற்பாடு சொல்லியிருக்கேன்: முக்கியமானதுன்னா கூப்பிடுங்க. கிடைக்கலைன்னா "கூப்பிடு"ன்னு மட்டும் எழுதுங்க, விஷயத்தை எழுதாதீங்க. அண்ணன் சரின்னுட்டான். அம்மாவுக்கு இப்போ எழுதுறதே குறைஞ்சு போச்சு, வாய்ஸ் நோட்தான். பின்னாடி குக்கர் விசில் அடிக்கும், பேச்சுக்கு நடுவுல யாரையோ திட்டும், கடைசியில "வச்சிர்றேன்"னு சொல்லிட்டு வைக்கத் தெரியாம இன்னும் அரை நிமிஷம் ஓடும். அதை நான் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திட்டு, எனக்குத் தோணுற நேரத்துல கேக்குறேன்.

உங்க வீட்டுத் தங்கிலீஷை உங்க ஊர் மெஷின் எப்படி வாசிக்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே. பிரான்ஸ்ல இருக்கிறவங்க கண்டிப்பா சொல்லணும், அங்க கடைசி எழுத்தையே முழுங்கிடுவாங்களாமே.

டிஸ்கி 1: மெனு பேரெல்லாம் அப்டேட்டுக்கு அப்டேட் இடம் மாறும். தேடல் பெட்டியே துணை.

டிஸ்கி 2: அன்னைக்கு வந்த பார்சல்ல இருந்தது ரெண்டு கிலோ இட்லி அரிசி. கேக்க மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு.