பொருநை இறங்கி வரும் இடம்



காயல்பட்டினத்தில் இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று வருவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் புழுதியை வாரி இறைத்த மேல்காற்று புரட்டாசியில் ஓய்ந்துவிடும். ஐப்பசி மழை இன்னும் தொடங்கியிராது. காலாண்டு விடுமுறையும் அப்போதுதான் வரும். எங்கள் குடும்பம் வேன் பிடித்துப் பாபநாசம் செல்வது அந்நாள்களில்தான். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, எங்கள் ஊருக்கு அருகே புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. ஆற்றின் முடிவை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அது மலையிலிருந்து இறங்கும் இடத்தையும் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

மதரஸா ஆசிரியனாகிய எனக்கு இன்னொரு நோக்கமும் உண்டு. ஜம்உ, கஸ்ர் தொழுகைகளின் சட்டங்களை வகுப்பில் எத்தனை முறை நடத்தினாலும் பிள்ளைகள் குழம்புவார்கள். ஊர் எல்லையைக் கடந்து, ஆற்று நீரில் உளூச் செய்து, லுஹரையும் அஸரையும் சேர்த்தும் சுருக்கியும் ஒருமுறை தொழுதுவிட்டால் பிறகு மறப்பதே இல்லை.

சென்ற ஆண்டும் அப்படித்தான் தொழுதோம். தொழுகைக்குப் பின் அல்லாஹ்வின் அருட்கொடைகளுக்கு நன்றி செலுத்துவது குறித்துச் சிறிது நேரம் பேசினேன். நன்றாகப் பேசியதாகவே நினைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் சேரன்மகாதேவியைக் கடக்கும்போது, பின் இருக்கையில் உம்மா என் மனைவியிடம் கேட்டது காதில் விழுந்தது.

"தண்ணி எப்படிம்மா இருந்துச்சு?"

"தெரியல மாமி. சட்டி கழுவும்போது கையில பட்டுச்சு. நல்ல குளிர்ச்சி."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அன்று 18 பேர் சென்றிருந்தோம். பெண்கள் நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து நெய்ச்சோறும் களறிக்கறியும் சமைத்தார்கள். அங்கு வந்ததும் பாய் விரித்து, ஸஹனில் பரிமாறி, பாத்திரம் கழுவி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். உம்மா எங்கள் உடைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக ஒரு பாறையில் அமர்ந்திருந்தார்கள். நாங்கள் ஆண்கள் மூன்று மணி நேரம் குளித்தோம். ஒரு பிடிச் சோறு வேகவில்லை என்று யாரோ குறையும் சொன்னோம். அந்த யாரோ நான்தான்.

பயணம் ஒன்றில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும், வீட்டில் இருக்கையில் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்து, தொழுகை நேரம் வந்ததும் எழுந்து சென்றதையும் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறேன். தேர்வில் அதைக் கேள்வியாகவும் வைத்திருக்கிறேன். அந்தத் தேர்வில் எனக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று வேனிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இந்த ஆண்டு, பெண்கள் யாரும் அடுப்படிக்குள் போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். காக்கா தயங்கினார்கள், லாத்தா சிரித்தாள். மச்சானும் நானும் புளிச்சோறு கிண்டினோம். உப்புக் கூடிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. ஸுப்ஹு தொழுதவுடன் புறப்பட்டு, கூட்டம் சேருமுன் சென்றுவிட்டோம். ஒதுக்கமான ஒரு துறையில் பெண்கள் முதலில் இறங்கினார்கள். ஆண்கள் மேலே நின்று குழந்தைகளைப் பார்த்துக்கொண்டோம். லாத்தாவின் பேத்தி முக்கால் மணி நேரம் இடைவிடாமல் அழுதாள். ஐந்து ஆண்கள் மாறி மாறித் தூக்கியும் பயனில்லை. அப்போது கீழிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கும் ஒலி கேட்டது. யாரென்று தெரியாமல் சற்று நேரம் நின்றேன். என் மனைவிதான். திருமணமாகி 20 ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் உம்மா இறங்கவில்லை. ரமளானுக்குப் பின் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, இப்போது கைத்தடியோடுதான் நடக்கிறார்கள். படிகளில் இறங்க முடியாது. சென்ற ஆண்டு முடிந்திருக்கும். அதற்கு முந்திய ஆண்டுகளில் இன்னும் எளிதாக முடிந்திருக்கும். "உம்மா, நீங்களும் வாருங்கள்" என்று நான் அப்போதெல்லாம் அழைத்ததாக எனக்கு நினைவில்லை. இதை எழுதுவதற்கே மனம் கூசுகிறது. எங்கள் ஊர் வழக்கப்படி நான் மனைவி வீட்டில் இருப்பவன். அஸருக்குப் பின் அரை மணி நேரம் சென்று பார்த்து வருவதே மகனின் கடமை என்று நினைத்திருந்தேன்.

என் மகன்தான் வழி கண்டுபிடித்தான். ஒரு வாளியில் ஆற்று நீரை முகந்து மேலே சுமந்து வந்தான். வேனின் கதவோரம் உம்மாவை அமர்த்தி, நான் செம்பால் மொண்டு அவர்களின் பாதங்களில் ஊற்றினேன். முதல் செம்புக்குக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பிறகு நீட்டினார்கள். கையில் கொஞ்சம் ஏந்திக் குடித்தும் பார்த்தார்கள்.

"இந்தத் தண்ணியா வாப்பா நம்ம ஊருக்கு வருது?"

"ஆமா உம்மா."

"அங்க வரும்போது இந்தக் குளிர்ச்சி இல்லையே."

வாளி காலியானது. பேரனைப் பார்த்து, இன்னொரு வாளி கொண்டு வரச் சொன்னார்கள்.