ஏதும் கேளாத துதி

ராக் இசை என்றாலே செவியைப் பிளக்கும் ஓசை எனக் கருதியிருந்தோம் யாம். கல்லூரி விடுதியில் நண்பர் ஒருவர் தந்த ஒலிநாடா அக்கருத்தை மாற்றிற்று. ‘மார்னிங் ஹாஸ் புரோக்கன்’, அதாவது ‘பொழுது புலர்ந்தது’ என்னும் ஆங்கிலப் பாடல் அதில் இருந்தது.

எலினார் ஃபார்ஜன் என்னும் ஆங்கிலப் பெண் கவிஞர் இயற்றி, 1931இல் கிறித்தவத் துதிப்பாடல் நூலொன்றில் வெளிவந்த பாடல் அது. மெட்டோ ஸ்காட்லாந்தின் பழைய நாட்டுப்புற மெட்டு. ரிக் வேக்மனின் பியானோ முன்னிசையாய் அமைய, 1971இல் அதனைப் பாடி உலகறியச் செய்தவர் கேட் ஸ்டீவன்ஸ். கேட்டவுடன் எம்மை ஈர்த்தது அதன் பணிவேயாம். அப்பாடலில் வேண்டுதல் இல்லை, முறையீடும் இல்லை. விடியலையும் பறவையையும் பனித்துளியையும் கண்டு இறைவனைப் புகழ்வதோடு அது நின்றுவிடுகிறது. ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று நாளும் மொழியும் நாவுக்கு அது அயலாகத் தோன்றவில்லை.

பாடகரின் வாழ்வோ வேறு திசையில் சென்றது. 1976இல் அமெரிக்காவின் மாலிபூ கடலில் மூழ்கும் நிலையில் அவர் இறைவனை அழைத்தார், உயிர் பிழைத்தார். பின்னர்த் தமையனார் அளித்த திருக்குர்ஆனைப் பயின்று, 1977இல் இஸ்லாத்தைத் தழுவி, யூசுஃப் இஸ்லாம் ஆனார். இசைக்கருவிகள் ஆகுமா என்னும் ஐயத்தால் கிதாரைத் துறந்தார். 1983இல் இலண்டனில் முஸ்லிம் சிறார்க்குப் பள்ளி தொடங்கினார்.

இச்செய்தி எம்மைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. பாடியவரே துறந்ததை யாம் கேட்கலாமோ? பெரியவர் ஒருவரிடம் வினவினோம். அவர் கடிந்துரைக்கவில்லை, “மனத்துக்கு ஐயமானால் விட்டுவிடுங்கள், தம்பி” என்றார். ஒலிநாடாவைப் பெட்டியின் அடியில் வைத்தோம்.

ஆண்டுகள் பல கழிந்தன. எம் தாயாரை அடக்கம் செய்த மறுநாள், சுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசற் படியில் அமர்ந்திருந்தோம். துஆவுக்குச் சொல் வரவில்லை. கிழக்கு வெளுத்தது, எங்கோ ஒரு குயில் கூவிற்று. கருவியேதுமின்றி அந்த மெட்டு நெஞ்சுள் எழுந்தது. அதன்பின்பே அழுகை வந்தது. அது தகுமா தகாதா என அன்று யாம் ஆராயவில்லை.

மகன் வீட்டிற்குக் கொணர்ந்த கிதாரே தம்மை மீண்டும் இசைக்கு அழைத்ததாக யூசுஃப் இஸ்லாம் கூறியுள்ளார். 2006இல் அவருடைய புதிய இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதனை அறிந்த அன்று பெட்டியைத் திறந்தோம். ஒலிநாடா பூசணம் பூத்திருந்தது, சுழல மறுத்தது. மீண்டும் அவ்விடத்திலேயே வைத்துவிட்டோம்.