நாங்கள் இத்தாலிக்குப் போன கதை

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் அடுத்த தெரு நண்பர் ஒருவர் தம் மனைவியுடன் இத்தாலி தேசத்துக்குப் போய்விட்டு வந்தார். ரோமாபுரி, பிளாரென்ஸ், வெனிஸ் ஆகிய மூன்று பட்டணங்களில் பத்து நாள் பிரயாணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்களைக் காபிக்கு அழைத்து, தாம் எடுத்து வந்த அறுநூறு புகைப்படங்களையும் தொலைக்காட்சிப் பெட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். எல்லாப் படங்களிலும் நண்பர் முன்னால் நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் சரித்திரம் கொஞ்சம் தெரிந்தது.

வெனிஸ் நகரத்து மார்க் மாதா கோயிலின் நான்கு வெண்கலக் குதிரைகள் வந்தபோது, சரித்திர உபாத்தியாயனாகிய என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "இவை வெனிஸ்காரர்கள் செய்தவை அல்ல. 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடி எடுத்து வந்தவை. 1797-ல் நெப்போலியன் வெனிஸைப் பிடித்து அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோனான். அவன் வீழ்ந்த பிறகு 1815-ல்தான் திரும்பி வந்தன. இப்போது வெளியே நிற்பவை நகல்கள், அசல் குதிரைகள் உள்ளே இருக்கின்றன" என்றேன். காபி ஆறிவிட்டது.

என் மனைவியின் மனத்தில் நின்ற படம் வேறு. ரோமாபுரியில் 1912-ல் ஏற்பட்ட மின்சார உற்பத்தி நிலையம் ஒன்று, வேலை ஓய்ந்தபின் 1997 முதல் பொருட்காட்சிசாலையாக இருந்து வருகிறது. மலை மலையான கரிய யந்திரங்களுக்கு நடுவே பழங்காலத்துச் சலவைக்கல் தேவதைகள் வெள்ளை வெளேரென்று நிற்கிறார்கள். அதைப் பார்த்தபடியே அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

வீடு திரும்பியதும், "நாமும் ஒரு தடவை போய் வரலாமே" என்றேன்.

"பணம்?"

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. நாங்கள் குடியிருப்பது ஒரகடத்துக்கு அருகில். என் மாமனார் தம் பெண்ணுக்கு மஞ்சட்காணியாகக் கொடுத்த அரை ஏக்கர் நஞ்சை, ஓர் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. நிலத் தரகர் ஒருவர் இரண்டு வருஷமாக அதற்கு நடையாய் நடக்கிறார். அவர் சொல்லும் விலைக்கு இத்தாலி மட்டுமல்ல, ஐரோப்பாக் கண்டம் முழுவதையுமே சுற்றிவிட்டு வரலாம்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நிலம் எங்கேயும் ஓடிவிடாது. 'சிவகாமியின் சபதம்' படித்த நாள் முதல் மணிமங்கலத்தைப் பார்க்க வேண்டுமென்று சொல்லி வருகிறேன். அது இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இருபது வருஷமாக நீங்கள் அழைத்துப் போகவில்லை. முதலில் அந்த ஊருக்கு என்னைக் கூட்டிப் போங்கள். பிறகு வெனிஸைப் பற்றிப் பேசலாம்."

நியாயமான வார்த்தைக்கு எதிர்வாதம் ஏது? மறு சனிக்கிழமை விடியற்காலையில் எங்கள் பழைய ஸ்கூட்டரில், கட்டுச்சாதமும் தண்ணீர்க் கூஜாவும் சகிதமாகப் புறப்பட்டோம்.

* * *

மணிமங்கலத்தில் இப்போது போர்க்களம் என்று சுட்டிக் காட்ட ஒன்றும் கிடையாது. ஏரி இருக்கிறது, ராஜகோபாலப் பெருமாள் கோயில் இருக்கிறது, யானையின் பின்புறம்போல் வளைந்த விமானத்துடன் தர்மேசுவரர் கோயில் இருக்கிறது. ஆனால் ஏழாம் நூற்றாண்டில் தக்ஷிண தேசத்தையே நடுங்கச் செய்த சளுக்கியச் சக்கரவர்த்தி இரண்டாம் புலிகேசியைப் பல்லவ நரசிம்மவர்மன் முறியடித்த இடங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறுகிறது. அதே நரசிம்மவர்மனின் சேனைதான் 642-ல் வாதாபியைப் பிடித்தது. தன் வெற்றியை அவன் வாதாபியிலே பாறையில் பொறித்து வைத்தான்.

பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. ராஜாதிராஜன், வீரராஜேந்திரன் ஆகியோருடைய போர்களை அவை விரித்துரைக்கின்றன. சோழ சரித்திரம் எழுதிய வித்வான்கள் இந்தச் சுவர்களுக்குப் பெரிதும் கடமைப்பட்டவர்கள். நாங்கள் போன சமயத்தில், கல்வெட்டுச் சுவரின் நிழலில் ஒரு பாட்டியம்மாள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா பார்க்கிறீங்க, அது வெறும் எழுத்துதானே?" என்றாள். என் மனைவி, "ஆமாம் பாட்டி, அந்த எழுத்தைத்தான் பார்க்க வந்தோம்" என்று சொல்லி ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டாள்.

பின்னர் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகள் நிரம்பி வழியும் நீரே அடையாற்றுக்குத் தலைநீர். சென்னைவாசிகள் பாலத்தின் மேல் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார்களே, அந்த அடையாறு இங்கே தெளிந்த நீராகத்தான் புறப்படுகிறது. 2015 டிசம்பரில் பெய்த பெருமழையில் இந்த ஏரிகளின் உபரி நீர் போக வழியில்லாமல் முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் போன வழியெல்லாம் ஒரு காலத்தில் வயலும் வாய்க்காலுமாக இருந்த இடந்தான்.

"எங்கள் அப்பா கொடுத்த நிலத்துக்குப் பக்கத்திலும் ஒரு வாய்க்கால் போகிறது" என்றாள் என் மனைவி. நான் பதில் சொல்லவில்லை.

* * *

ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலை ஒரு தனி உலகம். இரு பக்கமும் மதில்கள். மதில்களுக்குள் மோட்டார்களும் கண்ணாடியும் மின்சாதனங்களும் உற்பத்தியாகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியின் முதல் மோட்டார் 1998-ல் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் குண்டூசிக்கும் சீமையை எதிர்பார்த்திருந்த தேசம் இது. இன்று சீமைக்கு மோட்டார் அனுப்புகிறது என்றால் அதைக் கண்டு மார்பு விம்மாமலிருக்குமா?

இரவு வேலை முடிந்து பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ்களில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கியபடி போய்க்கொண்டிருந்தார்கள். எங்கெங்கோ உள்ள கிராமங்களிலிருந்து வந்து, விடுதியில் தங்கி உழைத்து, தம்பி படிப்புக்கும் தகப்பனார் கடனுக்கும் பணம் அனுப்பும் குழந்தைகள் அவர்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இந்த மதில்களுக்குள்தான் சம்பாதிக்கிறார்கள். தொழிற்சாலையைப் பழித்துப் பேசுகிறவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை, உலகமெல்லாம் பேர் பெற்று விளங்கி, 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். எட்டே வருஷம்! யந்திரம் வருகிறது, போகிறது. அது போன பிறகும் ஊர் இருக்க வேண்டும். ஊருக்கு ஏரி இருக்க வேண்டும்.

உச்சிப் பொழுதுக்குள் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியை அடைந்துவிட்டோம். பூதபுரி என்று பெரியோர் போற்றும் இந்தத் தலத்தில்தான் 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ராமானுஜர் அவதரித்தார். இங்கே எழுந்தருளியிருப்பது 'தான் உகந்த திருமேனி'. ஸ்ரீரங்கத்திலிருந்த ராமானுஜர் தாமே இந்த விக்கிரகத்தைத் தழுவித் தம் சக்தியை இதில் பதித்து அனுப்பினார் என்பது ஐதிகம்.

பிராகாரத்தில் அமர்ந்து, திருக்கச்சி நம்பியின் கதையை என் மனைவிக்குச் சொன்னேன். வேறு குலத்தவரான அந்தப் பக்தர் உண்ட மிச்சத்தைப் பிரசாதமாக உண்ண வேண்டுமென்று இளைஞர் ராமானுஜர் ஆசைப்பட்டு, அவரைத் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அவர் இல்லாத சமயத்தில் நம்பி வந்துவிட, ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் அன்னமிட்டு அனுப்பினாள். அனுப்பிய கையோடு இடத்தைக் கழுவி மெழுகி, ஸ்நானம் செய்து, புதிதாகச் சமைத்தும் வைத்துவிட்டாள். திரும்பி வந்த ராமானுஜர் மனம் நொந்துபோனார். பின்னர் இல்லறம் துறந்து சந்நியாசியானார்.

"அந்த அம்மாளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றாள் என் மனைவி. ஆயிரம் வருஷத்து வியாக்கியானங்களில் இந்தக் கேள்விக்கு விடை உண்டோ என்னவோ. அன்று என்னிடம் இல்லை. "உங்களுக்கும் சந்நியாச யோசனை உண்டானால் மூன்று நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே, 1991 மே 21-ஆம் தேதி ராஜீவ் காந்தி உயிர் நீத்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கேயும் சற்று நின்று தலை வணங்கிவிட்டுப் புறப்பட்டோம்.

* * *

காஞ்சிபுரம் நெடுஞ்சாலையை விட்டு விலகிக் கிராமச் சாலைகள் வழியே புள்ளலூரை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சாதாரண உழவர் கிராமம். ஆயினும் இரு யுகங்களின் யுத்தங்கள் இதன் மண்ணில் நடந்தன. மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவர்களைப் புள்ளலூரில் வென்றான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. ஏறக்குறைய ஆயிரத்து நூற்றைம்பது வருஷம் கழித்து, 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி, கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை ஹைதர் அலியும் திப்புவும் இங்கே சின்னாபின்னப்படுத்தினார்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மைசூர் ராக்கெட்டுகள் சீறின. காஞ்சியில் இருந்த ஜெனரல் மன்றோ பெய்லிக்கு உதவி செய்ய முடியாமல், பெரிய பீரங்கிகளைத் திருக்குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினான். பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1782-ல் மாண்டான். அந்த வெற்றியைத் திப்பு தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய சித்திரமாகத் தீட்டச் செய்தான்.

மறு வருஷம் 1781-ல் அங்கே நடந்த மற்றொரு போரில் இறந்த ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு வயலோரத்தில் ஸ்தூபிகள் நிற்கின்றன. "நம்மவர்களுக்கு எங்கே?" என்று கேட்டாள் என் மனைவி. இரு பக்கமும் நின்று மாண்டவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்தாம். அவர்களுக்குக் கல் இல்லை, நெற்பயிர்தான் இருக்கிறது. மணிமங்கலத்தில் வாங்கிய பூவில் மீதமிருந்ததை அவள் வயல் வரப்பின்மீது வைத்தாள்.

* * *

இரவு காஞ்சிபுரத்தில் தங்கி, விடிந்ததும் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். ராஜசிம்ம பல்லவன் சுமார் 700-ல் எழுப்பிய மணற்கல் ஆலயம். முற்றத்தைச் சுற்றிலும் சின்னஞ்சிறு சந்நிதிகள். சிலவற்றில் பழைய வர்ணத்தின் சுவடு இன்னும் இருக்கிறது. வாசலில் அரசி ரங்கபதாகை கட்டிய சிறு கோயிலும் உண்டு. புருஷன் பெரிய கோயில் கட்ட, அதன் முன்னால் மனைவி தன் பங்குக்கு ஒன்று கட்டியிருக்கிறாள்!

இந்தக் கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில் கன்னட சாஸனம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டத்தான் நான் அவளை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன். பல்லவர் வாதாபியைப் பிடித்து ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பிறகு, பழி தீர்ப்பதற்காகவே சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியைக் கைப்பற்றினான். ஊரே அவன் காலடியில் கிடந்தது. இந்த ஆலயத்துக்குள் வந்து அதன் செல்வத்தைக் கண்டான், கண்டவன் கொள்ளையிடவில்லை. சுவாமியின் பொருளைச் சுவாமிக்கே திரும்பக் கொடுத்தான். அதைத்தான் அந்தத் தூண் சொல்கிறது. அவனுடைய ராணி லோகமகாதேவி, கணவனின் காஞ்சி வெற்றிக்கு அறிகுறியாகப் பட்டடக்கல்லில் பெரிய ஆலயம் ஒன்று எடுப்பித்தாள். இன்று விரூபாக்ஷர் கோயில் எனப் பெயர் பெற்ற அதில், இந்தக் கைலாசநாதரின் சாயல் தெரிகிறது என்பது சிற்ப ஆராய்ச்சியாளர்களின் கருத்து. அந்தத் தம்பதிகள் காஞ்சியிலிருந்து கொண்டுபோனது ஓர் அழகின் நினைவு. இருந்த செல்வம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வெண்கலக் குதிரைகளை அவள் மறக்கவில்லை. "வெனிஸுக்கு வந்தவன் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனான். இங்கே வந்தவன் வைத்துவிட்டுப் போனான்" என்றாள். பிறகு, "வருகிறவர்கள் எல்லாரும் இவனைப்போல் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்! யந்திரத்துக்கு நடுவிலே அந்த ரோமாபுரிச் சிலைகள் நிற்கவில்லையா? அதுபோல, தொழிற்சாலை வந்த ஊரில் ஏரியும் கோயிலும் அப்படியே நிற்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம், "நம் ஊருக்குப் பெருமை எதனால்?" என்றால், "கம்பெனிகளால், சார்" என்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் பாதி விடை. மீதிப் பாதியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவன் நான். மணிமங்கலத்துக்கே இருபது வருஷமாகப் போகாதவன் அவர்களுக்கு எதைச் சொல்வது? அடுத்த மாதம் ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் அந்தக் கல்வெட்டுச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைப்பதென்று தீர்மானித்திருக்கிறேன்.

வீடு சேர்ந்தபோது இரவாகிவிட்டது. கை கால் கழுவுவதற்குள் தரகரின் தொலைபேசி. கேட்பது அவளுடைய நிலம். ஆகவே பதிலும் அவளே சொன்னாள்.

"என்னம்மா, யோசித்தீர்களா? அந்தப் பணத்தில் இத்தாலிக்கே போய் வரலாமே, சார் அன்றைக்கு ஆசையாய்ச் சொன்னாரே?"

"போய் வந்துவிட்டோமே! இப்போதுதான் திரும்பினோம். நிலம் கொடுப்பதற்கில்லை, இந்தச் சம்பாவுக்கு விதை விடச் சொல்லியிருக்கிறோம்" என்றாள் என் மனைவி.