என்ட மத்தளம்தான், அடிச்சது ஆரு?

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மத்தளம் செய்தோம். மரமும் தோலும் இல்லை. லப்டொப்புக்குள் இருக்கும், கீபோர்டில் தட்டினால் ஒலிக்கும். பாட்டுச் செய்கிற சொப்ட்வெயாரில் மேலைத்தேய டிரம்ஸ் விதவிதமாக இருக்கு, தபேலாவும் இருக்கு. சின்ன வயதில் விடிய விடியக் கேட்ட கூத்து மத்தளம் மட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

படுவான்கரையில் ஓர் அண்ணாவியாரிடம் போய்க் கேட்டோம். சம்மதித்தார். பக்கத்துக்கொரு மைக் வைத்தோம். மின்விசிறியை நிறுத்தி, கோழிகளைத் துரத்திவிட்டு, ஒவ்வொரு அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக அடிக்கச் சொன்னோம். அதிலும் ஒவ்வொன்றையும் நாலு தரம். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் காது உடனே பிடித்துவிடும். நாலும் மாறி மாறி வந்தால் கை அடிப்பதுபோல இருக்கும். முதலில் பெரிய மண்டபத்து றிவேர்ப் போட்டோம். வட்டக்களரி திறந்தவெளி என்று பிறகுதான் உறைத்தது. குறைத்தோம்.

உண்மையான டிரம்ஸை டிஜிட்டலாகப் பதிந்து ஒலித்த முதல் டிரம் மெஷின், ரொஜர் லின் 1980இல் கொண்டுவந்த எல்எம்-1. பிசகிய அடியை நேராக்கும் வசதியும், அதைக் கொஞ்சம் ஆடவிடும் ஸ்விங்கும் அதிலேயே இருந்தன. நாங்களும் இரண்டையும் வைத்தோம். ஒரு தாளத்தைப் போட்டு அண்ணாவியாருக்குக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார்.

“என்ட மத்தளம்தான் மனே. ஆனா அடிச்சது ஆரு?”

எங்களுக்கு விளங்கவில்லை.

“ஆட்டக்காரன்ட காலப் பாத்துத்தான் நான் அடிக்கிற. இது ஆரப் பாக்குது?”

அடுத்த கிழமை அவருடைய பேரன் சதங்கை கட்டி ஆட, அவர் அடிக்க, இரண்டையும் ஒன்றாகப் பதிந்தோம். திரையில் போட்டுப் பார்த்தால் எந்த அடியும் கட்டத்தில் நேராக விழவில்லை. பேரன் சுழன்று திரும்புகிற இடத்தில் வேகம் குறைகிறது, கால் ஊன்றியதும் கூடுகிறது. நாங்கள் பிசகு என்று நேராக்கியது இதைத்தான்.

நேராக்கும் வசதியை எடுத்துவிட்டோம். இப்போது யாராவது காலால் ஒரு பெடலைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தாளம் அந்தக் காலுக்குப் பின்னால் போகும். தட்டாவிட்டால் நின்றுவிடும். முழுக்கச் சரிவந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். பெடல் ஒரு காலைத்தான் அறியும், ஆட்டக்காரனின் முகத்தை அறியாது.

இதற்கிடையில் நிகழ்ச்சி ஒன்று செய்பவர் எங்களைக் கேட்டார்: “அண்ணாவியாருக்குக் காசு குடுக்காம, இத வச்சே கூத்த ஒப்பேத்தலாம்தானே?” அப்போதுதான் பயம் வந்தது. அவருடைய சத்தத்தை வைத்தே அவருடைய இடத்தை எடுத்துவிடுவோமோ? பாட்டுச் செய்ய எடுங்கள், களரிக்கு வேண்டாம் என்றோம். அவர் முகம் சுளித்தார். அண்ணாவியாரின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தோம்.