தெரிந்ததும் தெரிவதும்

தமிழிலே ‘தெரிதல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. அறிந்திருத்தலும் தெரிதலே; கண்ணுக்குப் புலனாதலும் தெரிதலே. இவ்விரண்டும் ஒன்றென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவை வெவ்வேறானவை என்பதையும், சில வேளைகளில் ஒன்றையொன்று மறைப்பவை என்பதையும் ஒரு பழைய நாற்காலியே எனக்கு உணர்த்திற்று.

பரீட்சைக்கு முந்திய விடுமுறையொன்றில் மன ஆறுதலுக்காகச் சித்திரம் பயிலத் தொடங்கினேன். பாடசாலையிற் கீழ்வகுப்புகளைக் கடந்தபின் நான் படம் கீறியதில்லை. மேசையருகே கிடந்த மர நாற்காலியை முதலில் வரைந்தேன். நான்கு கால்களும் ஒரே நீளம். இருக்கை செம்மையான சதுரம். வரைந்து முடித்தபின் நிமிர்ந்து பார்த்தேன். நான் இருந்த இடத்திலிருந்து நோக்கும்போது பின்கால்கள் குறுகியும், இருக்கை ஒடுங்கிச் சரிந்தும் அல்லவா தோன்றின? நான் நாற்காலியைப் பார்க்கவேயில்லை. நாற்காலிக்குக் கால்கள் நான்கு, அவை சமமானவை என்னும் என் அறிவையே தாளில் இறக்கியிருந்தேன்.

பார்த்து வரைதலைக் கற்பிக்கும் தொடக்கப் பயிற்சிகள் யாவும் இந்த அறிவைச் சற்று நேரம் ஒதுக்கிவைப்பதற்கான உபாயங்களே எனலாம். நியூயோர்க்கிலே சித்திர ஆசிரியராயிருந்த கிமோன் நிக்கொலைடீஸ் என்பவரின் நூல், அவர் மறைந்தபின் 1941இல் வெளியாயிற்று. அதன் முதற் பயிற்சி விந்தையானது. தாளைப் பார்த்தலாகாது, பொருளின் விளிம்பிலே கண்ணை வைத்து, பென்சில் முனை அவ்விளிம்பையே தொட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி, மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். என் இடக்கையை இவ்வாறு வரைந்தேன். தாளிலே தோன்றியது நண்டொன்றின் உருவம்! ஆயினும் பெருவிரலின் மூட்டிலே தோல் மடிந்திருந்த விதம் அதில் அப்படியே வந்திருந்தது. அம்மடிப்பை என் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

1979இல் வெளிவந்த பெற்றி எட்வேட்ஸ் என்பாரின் நூலோ படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையச் சொல்கின்றது. மூக்கும் வாயும் தம் பெயரை இழந்து வெறுங் கோடுகளாகிவிடுவதாற் கை பொய் சொல்ல மறந்துவிடுகின்றது. பொருளை விடுத்து, பொருளுக்கிடையே உள்ள வெளியை வரைதல் மற்றொரு பயிற்சி. நாற்காலியின் கால்களை மறந்து, அவற்றிடையே தெரிந்த சுவரின் வடிவங்களை வரைந்தேன். நாற்காலி தானாகவே எழுந்து நின்றது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலாற் பொருள்களின் நீள அகலங்களை ஒப்பிடுதல் இன்னுமொரு பயிற்சி. மனிதரின் கண்கள் தலையின் உச்சிக்கும் நாடிக்கும் ஏறக்குறைய நடுவிலே அமைந்துள்ளன என்பதை அம்மாவின் முகத்தை அளந்தபோதே அறிந்தேன். அதுவரை நெற்றியிருக்கும் இடத்திலேயே கண்களை வைத்துவந்தேன்.

1857இலேயே ஜோன் ரஸ்கின், பிறவிக் குருடர் திடீரெனப் பார்வை பெற்றாற் காண்பதுபோல, பெயரும் பொருளும் அற்ற நிறத்திட்டுகளாகவே உலகைக் காணவேண்டும் என்னும் கருத்தை எழுதினார். அத்தகைய கண் மனிதருக்கு வாய்க்குமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. அதற்கு மாறான வழியொன்றும் நம் நாட்டிலே இருந்திருக்கின்றது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலிலே, மரபுவழிச் சித்திரகாரரின் பிள்ளைகள் ‘வக தெக’ எனப்படும் இரட்டை வளைவையே முதலிற் பழகினர் என விளக்குகின்றார். அங்கே பொருளைப் பார்த்து வரைதல் இல்லை. கையும் நினைவும் வடிவத்தைச் சுமந்து நிற்கும். அந்நினைவிலிருந்தே கொடியும் மலரும் பிறக்கும்.

இவ்விரு வழிகளையும் எண்ணிக்கொண்டே, ஜோர்ஜ் கீற் 1939–40இல் தீட்டிய சுவரோவியங்களைக் காணப் பொரளைக் கோதமி விகாரைக்குச் சென்றேன். புத்தரின் வாழ்வைக் கூறும் அவ்வுருவங்கள் எந்த மாதிரியையும் எதிரே நிறுத்தி அளந்து வரையப்பட்டவையாகத் தோன்றவில்லை. தடித்த, நெளிந்த கோடுகளே அவற்றின் உயிர். நினைவுக்கும் தனக்கென ஓர் உண்மை உண்டு என்பதை அச்சுவர்களின் முன்னே ஒப்புக்கொண்டேன்.

வீடு திரும்பி, பொரளைக்குப் போய்வந்ததாகச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. வெள்ளவத்தையிலே வாழும் எங்கள் குடும்பத்திற் பொரளை பேசப்படுவதில்லை. 1983 ஜூலை 23ஆந் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் கொல்லப்பட்ட பதின்மூன்று இராணுவத்தினரின் உடல்களை அடக்கஞ் செய்யவென மறுநாட் குறிக்கப்பட்ட இடம் பொரளைக் கனத்தை மயானம். அங்கு திரண்ட கூட்டத்திலிருந்தே அன்றிரவு வன்செயல் வெடித்து, தமிழரின் கடைகளும் வீடுகளும் எரியத் தொடங்கின. அப்போது அப்பாவுக்கு வயது ஏழு. மயானத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் ஓர் ஒழுங்கையில் வாடகை வீடொன்றில் அவர்கள் இருந்தனர். இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் மாமியே.

மாமி கூறிய அடையாளங்களைக் கொண்டு அவ்வொழுங்கையைத் தேடிச் சென்றேன். வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடமொன்று நிற்கின்றது. பக்கத்து மதில் மாத்திரம் பழையது. எதிர்ப்புறம் நின்று, கற்ற பயிற்சிகளை ஒவ்வொன்றாகக் கையாண்டு அதனை வரைந்தேன். மதிலருகே நின்று பேசிக்கொண்டிருந்த ஒருவரைக் கொண்டு உயரத்தை அளந்தேன்: மதில் அவருடைய தோளளவு.

அன்றிரவு அப்பா கொப்பியைக் கண்டுவிட்டார்.

“எங்கை நிண்டு கீறினனீ?”

சொன்னேன்.

“றோட்டிலை நிண்டு படம் கீறாதை பிள்ளை. ஆரும் என்னவும் நினைப்பினம்.”

2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இந்நகரிலே இளைஞராயிருந்தவர் அவர். தமிழர் ஒருவர் வீதியோரம் நின்று கட்டடங்களை நோக்கித் தாளில் ஏதேனும் குறித்தால் விளைவு யாதாயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தலையைக் குனிந்து, எதையும் உற்றுநோக்காது நடத்தலே அக்காலத்துப் பாதுகாப்பு. என் விடுமுறைப் பொழுதுபோக்கு அவருடைய தலைமுறைக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பது அக்கணத்திலேதான் எனக்கு உறைத்தது.

அவர் தாளைத் திருப்பித் தரவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“மதில் பிழை. இது பெரிய மதில். என்னைத் தூக்கித்தான் அங்காலை விட்டவை. அங்காலை நிண்ட அங்கிள் ஏந்திப் பிடிச்சவர்.”

நான் அளந்து வரைந்தது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு, அந்த இரவிலே, அம்மதில் எவ்வளவு உயரம் என்பதை எந்தப் பென்சிலால் அளப்பது? மதிலுக்கு அப்பால் நின்று அவரை ஏந்தியவர் ஒரு சிங்கள அயலவர் என்பதை மாமியும் எனக்குச் சொன்னதில்லை. என் படத்திலோ மதிலுக்கு அப்பால் எதுவுமே இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு அது தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் அங்கு செல்ல ஆயத்தமானபோது அப்பாவும் சேட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வழிநெடுக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒழுங்கைக்குள் நுழைந்ததும் நேரே சென்று மதிலோரம் நின்றார். நான் எதிரே நின்று கையை நீட்டி அளந்தேன். மதில் அவருடைய மார்பளவுக்குச் சற்று மேலே நின்றது. அவர் அதன்மேற் கையை வைத்து, அப்பால் இருந்த முற்றத்தை எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. தலையைக் குனியாது, அவசரப்படாது, அவர் அதனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சற்றுப் பொறுத்து, திரும்பாமலே கேட்டார்:

“முடிச்சிட்டியோ?”

“இன்னும் இல்லையப்பா.”

“ஆறுதலாய்க் கீறு” என்றார்.