வெந்நீரும் பச்சைத் தண்ணீரும்



பத்து நாட்களாக ஏன் எதுவும் எழுதவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். இப்போது நலமாக இருக்கிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

மார்கழித் தொடக்கத்தில், ஜெர்மனியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் வீடியோ ஒன்று அனுப்பினான். மூன்று நிமிடம் வெந்நீர், ஒரு நிமிடம் குளிர்ந்த நீர் என்று மாற்றி மாற்றிக் குளித்தால் சளியே பிடிக்காதாம். "நான் தினமும் செய்கிறேன் சார், நீங்களும் செய்து பாருங்கள்" என்று எழுதியிருந்தான். மாணவன் சொல்லி ஆசிரியர் கேட்பதும் ஒரு சந்தோஷம்தானே? மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

நான்கு நாள் உற்சாகமாகத்தான் போயிற்று. ஐந்தாம் நாள் கீசர் சூட்டைக் கூட்டி, வெந்நீரில் வெகுநேரம் நின்றுவிட்டேன். பிறகு சட்டென்று ஷவரைப் பச்சைத் தண்ணீருக்குத் திருப்பினேன். மூச்சு அடைத்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கண் இருட்டிக்கொண்டு வர, சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன். வாளி உருண்ட சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா ஓடிவந்து கதவைத் தட்டினாள். "என்னங்க, என்னங்க" என்று கூப்பிடுவது கேட்கிறது. பதில் சொல்ல வாய் வரவில்லை. தாழ்ப்பாள் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. எழுந்து அதைத் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிடம் கதவுக்கு வெளியே அவள் பட்ட பாட்டை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள்தானே சார்?" இதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. பன்னிரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். வீடியோவைப் பார்த்தபோது அது நினைவுக்கே வரவில்லை.

வெந்நீர் பட்டால் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும். திடீரென்று குளிர்ந்த நீர் பட்டால் அவை சுருங்கும், அழுத்தமும் இதயத் துடிப்பும் ஏறும். பந்தும் வளையமும் வைத்து வகுப்பில் நான் செய்துகாட்டிய சோதனை உங்களுக்கு ஞாபகம் வரலாம். ஆனால் இரும்பு சுருங்குவது வேறு, இது வேறு. இங்கே குழாயைச் சுருக்குவது நரம்பு. இளம் உடம்பு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். மாத்திரையில் ஓடும் 67 வயது உடம்பு தடுமாறும்.

படுக்கையில் இருந்தபோது, முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன்: தேடிப் படித்தேன். 2016இல் நெதர்லாந்து ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. 18 முதல் 65 வயது வரையுள்ள 3,018 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினர் வழக்கம்போல் குளித்தார்கள். மற்றவர்கள் வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 வினாடி குளிர்ந்த நீரில் நின்றார்கள். இவர்கள் உடம்பு சரியில்லை என்று எடுத்த விடுப்பு 29 சதவீதம் குறைந்தது. ஆனால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்கள் குறையவில்லை. நம் பள்ளிக்கூட மொழியில் சொன்னால், லீவு லெட்டர் குறைந்தது, காய்ச்சல் குறையவில்லை! 30 வினாடிக்கும் 90 வினாடிக்கும் பலனில் வித்தியாசமும் இல்லை. கடுமையான இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவே இல்லை. வயதைப் பார்த்தால் எனக்கும் அங்கே இடமில்லை.

ஜெர்மனியில் நீர் சிகிச்சையைப் பரப்பிய பாதிரியார் செபாஸ்டியன் க்னைப்கூட, உடம்பு சூடாக இருக்கும்போதுதான் குளிர்ந்த நீர் படவேண்டும் என்றார். முழங்கால் வரை மட்டும் நீர் ஊற்றுவது அவருடைய முறைகளில் ஒன்று. நானோ எடுத்த எடுப்பில் தலையில் திருப்பிக்கொண்டேன்.

இப்போது பழையபடி விளாவிய வெந்நீர்தான். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டாயிற்று. கதவைச் சாத்துவதோடு சரி, தாழ்ப்பாள் போடுவதில்லை.

வீடியோ அனுப்பிய தம்பி விஷயம் தெரிந்து போனில் அழுதுவிட்டான். அவன் மேல் தவறில்லை. அவன் வயதுக்கு அது நல்ல பழக்கமாகவே இருக்கலாம். என் வயதை நான்தான் மறந்தேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள், அப்பா அம்மாவுக்கு இப்படி ஒரு வீடியோ அனுப்புவதற்கு முன், அவர்கள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்த ஒரு போன் போதும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்