மஞ்சள் முகமும் தவில் காதும்

தவில்காரர் வீட்டுப் பிள்ளை கேமரா பிடித்தால் எங்கே பார்ப்பார்? ஐயரை அல்ல, மேளக்காரரின் கையை. கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விடியுமுன்னே இதைக் கண்டுகொண்டேன். நான் பார்க்கப் போனது கல்யாணத்தை அல்ல. அதைப் படமெடுக்க வந்த குடும்பத்தை.

அண்ணன் அப்பாவோடு கச்சேரி கச்சேரியாகப் போய்த் தவில் வாசித்தவர். தம்பி இதே ஊர் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். தங்கை பரதம் ஆடுபவர்; மணப்பெண் அறைக்குள் போகும் கேமரா அவருடையது. தாய்மாமா, ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பைப் பறிக்கும்வரை சினிமா பேனர் வரைந்தவர். இப்போது எடிட்டிங் மேசையில் நிறம் பார்ப்பது அவர்தான்.

மேடையில் சீரியல் பல்பும் எல்ஈடியும் கொட்டிக் கிடந்தன. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, ஷட்டர் ஒத்துவராவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டையாக ஓடும். நொடிக்கு 120 ஃபிரேம் எடுத்து இழுக்கும் ஸ்லோமோஷனுக்கு இது பெரிய தொல்லை. தம்பி 25 ஃபிரேமில், ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரில் வைத்துவிட்டார். எனக்கு அதில் சந்தோஷம்தான். தாலி கட்டுவதைக்கூட மிதக்கவிடும் கல்யாணப் படங்கள் எனக்குச் சலித்துவிட்டன.

தாலி ஏறுவது சில நொடிகள். ஐயர் குரல் கொடுத்த பிறகு கேமராவைத் திருப்பினால் நாலு பேர் முதுகுதான் கிடைக்கும். தவில்காரர் இடது கைக் குச்சியை இறுக்கிப் பிடித்து நிமிர்ந்ததுமே அண்ணன் ரெக்கார்டரில் ஒலி அளவைக் குறைத்தார். இல்லையென்றால் கெட்டிமேளம் உடைந்து பதிவாகும். அவர் தலையசைத்தார், தங்கை ஒரு அடி இடப்புறம் நகர்ந்தார். பேச்சே இல்லை. இந்த ஒத்திகை வீட்டுத் திண்ணையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

படத்துக்குப் பின்னணியாக மண்டபத்தில் வாசித்த நாதஸ்வரத்தையே வைக்கிறார்கள். சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபில் உரிமைப் பிரச்சினை வரும் என்பது ஒரு காரணம். "அதவிட, வாசிச்சவருக்கு மரியாதை வேணாமா சார்?" என்றார் அண்ணன்.

மதியம் அவர்கள் வீட்டு மாடியில் காலைக் காட்சிகளைப் போட்டுப் பார்த்தார்கள்.

"மாமா, பொண்ணு முகம் மஞ்சளா அடிக்குது. சரி பண்ணிடவா?"

"மஞ்ச பூசின முகம் வேற எப்புட்றா இருக்கும்? அப்படியே விடு."

நிழலில் மட்டும் கொஞ்சம் நீலம் ஏற்றச் சொன்னார். பேனரில் நடிகர்களின் கன்னத்து நிழலுக்குப் பச்சையும் ஊதாவும் துணிந்து வைத்தவர். மென்பொருள் சொல்லும் 'சரியான' நிறத்தை அவர் பெரிதாக மதிப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தங்கையின் நோட்டுப் புத்தகம். யார் பெரியப்பா, யார் அத்தை, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் முதல்நாளே எழுதிவைத்திருக்கிறார். நாலு நிமிடச் சுருக்கப் படத்தைச் செல்போனில் பார்த்துப் புகழ்கிறவர்கள், மூன்று மணி நேர முழுப் படத்தில்தான் தங்கள் ஆட்களைத் தேடுகிறார்களாம். நான் கிளம்பும்போதும் அவர் பெண் வீட்டாரோடு போனில் இருந்தார்: "பச்சைப் புடவை கட்டினவங்க உங்க சித்தியா, மாப்பிள்ளை வீட்டு அத்தையா, அக்கா?"